நீடித்து உழைக்கிற ஆன்டிஸ்டாட்டிக் பின்னல் கையுறை: கார்பனா, வெள்ளியா, தாமிரமா, ஸ்டீலா?

கையுறை மெஷின் 13 கேஜிலோ 15 கேஜிலோ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்கிற கணக்கு) இருக்கிறது, நைலான் கோன் ஏற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைனுக்கு ஆன்டிஸ்டாட்டிக், அதாவது நிலைமின்சாரம் தேங்கவிடாத, கையுறை வேண்டும் என்று ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் இருக்கிற ஆலைகளை நம்பித் தொழில் செய்கிற எவருக்கும் இது வரக்கூடிய ஆர்டர்தான். அப்போது முடிவு செய்ய வேண்டியவை மூன்று: மின் கடத்துகிற நூல் எது, அதைப் பின்னலில் எங்கே வைப்பது, மேலே கோட்டிங் போடுவதா வேண்டாமா. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்பன் வெளிப்பரப்பில் இருக்கும் வகை நைலான் இழையைச் சாதா நைலானோடு முறுக்கி, எல்லா வரிசையிலும் ஓடவிட்டு, 15 கேஜில் பின்னி, விரல் நுனிக்கு மட்டும் கார்பன் கலந்த பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் கொடுங்கள். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

முதலில் கையுறை என்ன வேலை செய்ய வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் நிலைமின்சாரம் சுள்ளென்று அடிக்கிறதே, அதை மனிதக் கை உணர ஏறக்குறைய 3000 வோல்ட் ஏற வேண்டும். ஆனால் சில சிப்புகள் 100 வோல்ட்டுக்கும் கீழேயே கெட்டுப்போகும். அன்சி/இஎஸ்டி எஸ்20.20, ஐஇசி 61340-5-1 ஆகிய இரண்டு நிலைமின்சாரப் பாதுகாப்புத் தரங்களும் 100 வோல்ட் வரை தாங்கும் பாகங்களைப் பாதுகாப்பதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது சேதம் நடக்கும்போது தொழிலாளிக்குத் தெரியவே தெரியாது, போர்டு டெஸ்டிங்கில் விழும்போதுதான் தெரியும், இன்னும் மோசமாக, டெஸ்டிங்கில் பாஸாகி வாடிக்கையாளர் கையில் விழும்போது தெரியும்.

இந்த மின்னூட்டத்தைக் கையுறை விழுங்கிவிடாது. அதற்கு ஒரு வழி மட்டும்தான் அமைத்துக் கொடுக்க முடியும்: தொடும் பொருளிலிருந்து கையுறையின் வெளிப்புறம், அங்கிருந்து உட்புறம், பிறகு தோல், மணிக்கட்டில் கட்டுகிற கடத்தும் பட்டையான ரிஸ்ட் ஸ்ட்ராப், கடைசியில் எர்த். இந்த வழியில் ஒரு இடம் அறுந்தாலும் கையுறை வெறும் துணிதான். ஆகவே பார்க்க வேண்டிய எண், துணியின் மேற்பரப்பில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உள்ள மின்தடை இல்லை. வெளியிலிருந்து உள்ளே ஊடுருவிப் போகிற மின்தடை. ஐரோப்பியத் தரமான ஈஎன் 16350, கையுறைக்கென்றே 2014-இல் வந்தது, இதைத்தான் அளக்கச் சொல்கிறது: 23 டிகிரி வெப்பம், 25 சதவீத ஈரப்பதத்தில் அளந்தால் ஒவ்வொரு ரீடிங்கும் 10 கோடி ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். சப்ளையர்கள் காட்டும் ரிப்போர்ட்டில் பலவும் ஆடைகளுக்கான மேற்பரப்பு அளவீடாகவே இருக்கும், அதைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, ஊடுருவு மின்தடை ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள்.

அப்படியென்றால் மின்தடை எவ்வளவுக்கெவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லதா என்றால், அதுவும் இல்லை. சிப்பே உராய்வில் மின்னூட்டம் ஏறி உட்கார்ந்திருக்கலாம். அதை மிக நல்ல கடத்தி ஒன்று தொட்டால் அத்தனையும் நானோ விநாடிக் கணக்கில் பாய்ந்து இறங்கும், அந்த வேகம்தான் சிப்பின் உள்ளே இருக்கிற மெல்லிய படலத்தை ஓட்டை போடுகிறது. மின்னூட்டம் நிதானமாக வடிய வேண்டும். ஆயிரம் பத்தாயிரம் ஓமில் நிற்பதைவிட லட்சத்துக்கு மேலே, 10 கோடிக்குக் கீழே நிற்கிற கையுறைதான் எலக்ட்ரானிக்ஸ் மேஜைக்கு ஏற்றது. நூலைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டு எல்லையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பல விஷயம் தானாகவே தெளிவாகிவிடும்.

விலை குறைந்த வழியிலிருந்து ஆரம்பிக்கலாம். சாதா நைலான் கையுறையை ஆன்டிஸ்டாட்டிக் ரசாயனத்தில் முக்கி எடுத்துக் காயவைப்பது. இந்த ரசாயனங்கள் வேலை செய்வது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து நூல் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் பிடித்து வைப்பதால்தான். சென்னையில் ஐப்பசி மழையில் அளந்து பார்த்தால் அருமையான ரீடிங் வரும், ஏசி போட்டு ஈரப்பதம் இறக்கிய ஹாலுக்குள் அதே கையுறை மின்சாரம் கடத்தாத ரப்பர் மாதிரி ஆகிவிடும். நான்கைந்து சலவையில் ரசாயனமும் போய்விடும், போகிற வழியில் போர்டு மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும். ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற கையுறை என்றால் சரி, நீடித்து உழைக்க வேண்டும் என்றால் இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

பருத்தியும் ஏறக்குறைய இதே கதைதான். பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரம் பிடித்து வைக்கும், நைலான் 4, பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் பருத்தியில் நிலைமின்சாரம் குறைவு. ஆனால் பஞ்சு உதிரும், அதிலேயே எலக்ட்ரானிக்ஸ் ஆர்டர் போய்விடும்.

ஸ்டீல் இழைக்கு வருவோம். பெல்ஜியத்து பெகார்ட் நிறுவனத்தின் பெகினாக்ஸ் மாதிரியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழைகள், 8 முதல் 12 மைக்ரான் தடிமனில், பாலியெஸ்டரோடோ பருத்தியோடோ கலந்து நூற்று வருகின்றன. சலவைக்கும் வெப்பத்துக்கும் அசையாது, ஈரப்பதம் பற்றிக் கவலையே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால் கையுறை என்பது நாள் முழுக்க மடங்கி நிமிர்கிற பொருள். நைலான் இழை அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்கு வரைகூட நீளும், ஸ்டீல் இழை ஒன்றிரண்டு சதவீதத்திலேயே நின்றுவிடும். விரலை மடக்கும்போது இழுவிசை முழுவதையும் ஸ்டீல்தான் வாங்கும், வாங்கி வாங்கி உள்ளுக்குள்ளேயே துண்டு துண்டாக முறியும். முறிந்த முனை தோலில் குத்தும், அது ஒரு தொந்தரவு. பெரிய ஆபத்து வேறு: முறிந்த துணுக்கு உதிர்ந்து, கால்களுக்கு நடுவே 0.5 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே உள்ள ஒரு சிப் மேல் விழுந்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட். போர்டைக் காப்பாற்றப் போட்ட கையுறையே போர்டைக் கெடுக்கிறது. ஊசிகளும் சீக்கிரம் தேயும், மெஷின் ஓட்டுகிறவரைக் கேட்டால் தெரியும். வெட்டுக் காயத் தடுப்பும் ஆன்டிஸ்டாட்டிக்கும் சேர்ந்து வேண்டும் என்கிற உலோகத் தகடு வேலைக்கு ஸ்டீல் கலந்த நூல் பொருந்தும். போர்டு தொடும் கைக்கு வேண்டாம்.

வெள்ளி பூசிய நைலானைப் பார்க்கிறவர்கள் உடனே மயங்கிவிடுவார்கள், காரணம் மல்டிமீட்டரில் வைத்தாலே சில ஓம், சில பத்து ஓம் என்று அழகாகக் காட்டும். தொடுதிரையிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் மேலே சொன்ன கீழ் எல்லையை நினைத்துப் பாருங்கள், இவ்வளவு நல்ல கடத்தி இந்த வேலைக்குத் தேவையே இல்லை. அப்புறம் அதன் ஆயுள். வெள்ளிப் பூச்சு நைலானின் வெளிப்புறத்தில் மட்டும் இருக்கிற படலம், உள்ளே இருக்கிற நைலான் நீளும்போது படலம் அதே அளவு நீளாது, நுண்ணிய வெடிப்பு விழும். கந்தகம் பட்டால் கறுக்கும், வியர்வையில் மங்கும், யாராவது ப்ளீச் போட்டுத் துவைத்துவிட்டால் கதை முடிந்தது. முதல் நாள் ரீடிங்கில் எல்லாரையும் தோற்கடிக்கிற நூல் தேய்மானத்தில் முதலில் விழுகிறது. விலையும் எல்லாவற்றையும்விட அதிகம். மின்காந்த அலை தடுப்புத் துணிக்கும், உடலில் ஒட்டி நாடி பார்க்கிற சென்சாருக்கும் வெள்ளி நூல் அருமையானது, அங்கேயே இருக்கட்டும்.

தாமிரம் என்று சந்தையில் சொல்வது பெரும்பாலும் தாமிரக் கம்பி இல்லை. அக்ரிலிக் அல்லது நைலான் இழையின் மேற்பரப்பில் காப்பர் சல்ஃபைடை வேதிமுறையில் பிணைத்த நூல். ஜப்பானின் நிஹோன் சான்மோ தயாரிக்கிற தண்டரான் இதில் பெயர் பெற்றது. வெறும் பூச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது, சல்ஃபைடு இழையோடு பிணைந்திருப்பதால் வெள்ளியைவிட ஒட்டுறுதி நல்லது, இழையும் மென்மையாகவே இருக்கிறது, ஊசிக்கும் தொந்தரவில்லை. பச்சையோ பழுப்போ கலந்த நிறம், அதனால் வெள்ளைக் கையுறை கேட்கும் வாடிக்கையாளர் முகம் சுளிக்கலாம், அது பெரிய விஷயமில்லை. ப்ளீச்சுக்கும் அமிலத்துக்கும் இதுவும் பலவீனம்தான். ஒழுங்கான சலவை முறை உள்ள இடம் என்றால் இதை நான் இரண்டாவது இடத்தில் வைப்பேன், கார்பனுக்கு நெருக்கமான இரண்டாவது.

கார்பனில்தான் அதிகம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "கார்பன் நூல்" என்கிற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்றில் கார்பன் கலந்த பாலிமர் நடுவில் உட்கருவாக இருக்கும், அதைச் சுற்றி நைலானோ பாலியெஸ்டரோ உறையாக இருக்கும். இன்னொன்றில் கார்பன் வெளிப்பரப்பில், அல்லது பாதி உள்ளே பாதி வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். உட்கரு வகை தேய்மானத்துக்கும் சலவைக்கும் பிரமாதமாகத் தாங்கும், உறை காப்பாற்றுகிறது. ஆன்டிஸ்டாட்டிக் ஓவர்கோட்டுக்கு அது போதும், அங்கே மின்னூட்டம் தூண்டல் மூலமாகவும் காற்றில் கசிந்தும் கரைந்தால் சரி. கையுறைக்கு அது போதாது. பொருளைத் தொடுகிற இடத்தில் உறைதான் தொடுகிறது, உறை மின்கடத்தாப் பொருள், ஆக வழி முதல் அடியிலேயே அறுந்துவிட்டது. ஈஎன் 16350 அளவீட்டில் நேராக ஃபெயில் ஆகும். ஆகவே கையுறைக்கு வெளிப்பரப்பு வகைதான். எது எது என்று கோனைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டும் கறுப்பு அல்லது சாம்பல். நூலின் மேல் இரண்டு இடத்தில் மின்முனையை அழுத்தி அளந்து பாருங்கள், ரீடிங் வந்தால் வெளிப்பரப்பு வகை. வெட்டிய முனைகளில் வெள்ளிப் பசை தடவிய பிறகுதான் ரீடிங் வருகிறது என்றால் உட்கரு வகை. ஆர்டர் கொடுக்கும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

வெளிப்பரப்பு கார்பன் நைலானின் பெரிய பலம், அதன் உடம்பே நைலான் என்பது. கூட ஓடுகிற நைலானோடு சேர்ந்து நீளும், சேர்ந்து சுருங்கும், ஒன்று மட்டும் இழுவிசையைத் தனியாகச் சுமக்காது. மின்தடையும் நமக்கு வேண்டிய நடு வரம்பிலேயே விழுகிறது. குறை என்று சொன்னால் நிறம் மட்டும்தான், கறுப்புக் கோடோ சாம்பல் சாயலோ தவிர்க்க முடியாது.

நூல் முடிவானால் பாதி வேலைதான் முடிந்தது. அதைப் பின்னலில் எப்படி ஓட்டுவது என்பதில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை ஒரு கார்பன் வரிசை விட்டுக் கோடு கோடாகப் பின்னுவது விலை குறைந்த வழி. ஆடைகளுக்கான ஈஎன் 1149-5 கடத்தும் நூல்களுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் வரை இடைவெளி அனுமதிக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கையுறைக்கும் அதுவே போதும் என்று நினைப்பது தவறு. விரல் நுனியால் ஒரு ரெசிஸ்டரைப் பிடிக்கும்போது தொடுகிற இடம் ஓரிரு மில்லிமீட்டர்தான், அந்த இடத்தில் கார்பன் வரிசை இருக்குமா இல்லையா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எல்லா வரிசையிலும் கார்பன் ஓடினால், ஒவ்வொரு கண்ணியும் மேலே கீழே இருக்கிற கண்ணிகளோடு கோர்த்துக்கொள்வதால் குறுக்கிலும் நெடுக்கிலும் தொடர்பு கிடைக்கும், ஒரு இடத்தில் அறுந்தாலும் மின்னூட்டம் சுற்றிப் போய்விடும்.

அதே போல பிளேட்டிங்கா முறுக்கா என்ற கேள்வி. பிளேட்டிங்கில் ஒரு நூல் வெளிப்பக்கமும் இன்னொன்று உள்பக்கமுமாக விழும், கார்பனை உள்ளே போட்டால் வெளியே நைலான் மட்டும், வெளியே போட்டால் தோலைத் தொடாது. நமக்கு இரண்டு பக்கமும் வேண்டும். ஆகவே 20 டெனியர் (டெனியர் என்பது நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) அளவிலான கார்பன் இழையை 70 டெனியர் டெக்ஸ்சர்டு நைலானோடு முன்கூட்டியே முறுக்கி ஒரே நூலாக்கி ஓட்டுவதுதான் சரி. முறுக்கு இருப்பதால் கார்பன் இழை வெளியே எட்டிப் பார்த்து மறுபடி உள்ளே போய்விடும், தேய்மானம் முழுவதும் அதன் தலையில் விழாது. மீட்சிக்கு ஸ்பாண்டெக்ஸ் (ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் இழை) வேண்டும் என்றால் அதைத் தனியாக பிளேட்டிங்கில் கொடுங்கள், நைலான் சுற்றிய ஸ்பாண்டெக்ஸ் உள்பக்கம் முழுவதையும் மூடிவிடாதபடி மெல்லியதாக.

உடல் நூல் நைலானா பாலியெஸ்டரா? நைலான். உராய்வில் பாலியெஸ்டரைவிட நீண்ட நாள் தாங்கும், கொஞ்சம் ஈரமும் பிடிக்கும். பாலியெஸ்டரில் மிச்சமாகும் காசு விரல் நுனி ஓட்டையில் போய்விடும். கேஜ் விஷயத்தில் 13 உறுதியானது, 18 கை உணர்வுக்கு அருமை ஆனால் மெல்லிய நூல் சீக்கிரம் தேயும், 15 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஓட்டை எங்கே விழும் என்பதை ஒரு பழைய கையுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். கட்டைவிரல் உட்புற நுனி, ஆள்காட்டி விரல் நுனி, நடுவிரலின் பக்கவாட்டு. சுண்டுவிரலும் மோதிர விரலும் புதுசு மாதிரியே இருக்கும். கையுறை மெஷின் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் தனித்தனியே பின்னி வருவதால், இந்த மூன்று விரலின் நுனியில் மட்டும் கண்ணியை இறுக்கியோ கூடுதல் நூல் சேர்த்தோ பின்னச் சொல்லி புரோகிராமில் வைக்க முடியும். செலவு கொஞ்சம்தான், ஆயுள் கூடுவது நன்றாகவே தெரியும்.

கோட்டிங்கில் மூன்று வழி: கோட்டிங்கே இல்லாமல், விரல் நுனிக்கு மட்டும், உள்ளங்கை முழுக்க. உள்ளங்கை முழுக்க பியூ போட்டால் பிடிமானமும் உராய்வுத் தாங்குதலும் ஏறும், ஈஎன் 388 உராய்வுச் சோதனையில் படிகள் 100, 500, 2000, 8000 சுற்றுகள் என்று போகும், கோட்டிங் இருந்தால் மேல் படிகளுக்குப் போவது சுலபம். ஆனால் பியூ மின்கடத்தாப் பொருள். சாதா பியூவை உள்ளங்கை முழுக்கப் பூசினால் இவ்வளவு யோசித்துப் போட்ட கார்பன் நூலுக்கு மேலே ஒரு மூடியைப் போட்டு மூடிய மாதிரி. கார்பன் கலந்த பியூ இருக்கிறது, அது சரியாக வந்தால் நல்லது, கலவை சீராக இல்லாவிட்டால் ஒரே கையுறையில் ஒரு விரல் பாஸ் இன்னொன்று ஃபெயில் ஆகும். இன்னொரு விஷயம், பாலியெஸ்டர் அடிப்படையிலான பியூ நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கிடங்கில் கிடந்தே ஈரத்தால் சிதைந்து பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும், ஷூ அடிப்பாகம் உதிர்கிறதே அதே காரணம். ஆகவே விரல் நுனிக்கு மட்டும், மெல்லியதாக, கார்பன் கலந்த பியூ. ஸ்கேனர், ஸ்க்ரூடிரைவர் மட்டும் பிடிக்கிற இடம் என்றால் கோட்டிங் இல்லாமலே கொடுக்கலாம்.

சோதனை செய்வது எப்படி என்றால், சாதா மல்டிமீட்டர் உதவாது, அதன் 9 வோல்ட் பேட்டரி இந்த அளவு மின்தடையைச் சரியாக அளக்காது. 10 லட்சம் ஓமுக்கு மேலே 100 வோல்ட் கொடுத்து அளக்கிற மீட்டர் வேண்டும். கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு உலோகத் துண்டைப் பிடியுங்கள், அந்தத் துண்டுக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பின் எர்த் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஸ்ட்ராப்பிலேயே 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் ரீடிங் வரும். புதிதாக ஒருமுறை, பிறகு வாடிக்கையாளர் துவைக்கிற அதே முறையில் பல சலவை முடிந்து, நன்றாகக் காயவைத்து, ஏசி அறையில் ஒரு இரவு போட்டு வைத்து மறுபடியும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டுத் துவைத்ததை அளக்காதீர்கள், சாஃப்ட்னரே தற்காலிக ஆன்டிஸ்டாட்டிக் ரசாயனம்தான், கெட்டுப்போன கையுறையையும் நல்லதாகக் காட்டும்.

இதெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் மேஜைக்கு. பெட்ரோல், கரைப்பான், பெயிண்ட் ஆவி இருக்கிற இடத்துக்குக் கணக்கு வேறு. மனித உடம்பை 100 பிகோஃபாரட் மின்தேக்கி என்று எடுத்துக்கொண்டால் 2000 வோல்ட்டில் 0.2 மில்லிஜூல் ஆற்றல் இருக்கும், பல கரைப்பான் ஆவிகள் பற்றிக்கொள்ள அந்த அளவே போதும், அந்தப் பொறி கையில் உறைக்கக்கூட உறைக்காது. அங்கே எர்த் இல்லாமல் கார்பன் கையுறை போடுவது சாதா கையுறையைவிட ஆபத்தாகலாம், ஏனென்றால் தனித்து நிற்கிற கடத்தி தன் மின்னூட்டம் முழுவதையும் ஒரே பொறியில் கொட்டும். கடத்தும் காலணி, கடத்தும் தரை இரண்டும் உறுதியாக இல்லாத இடத்துக்கு இந்தக் கையுறையை விற்காதீர்கள். சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் செயற்கை இழையைத் தவிர்த்துப் பருத்தி உடுத்தச் சொல்வதும் நிலைமின்சாரப் பயத்தால்தான், அங்கே போய் நைலான் உடம்புள்ள கையுறையை நீட்டக் கூடாது. மின்சார வேலைக்கும் இது கூடவே கூடாது, இது ஷாக் அடிக்காமல் காக்கிற கையுறை இல்லை.

கடைசியாக கஃப், அதாவது கையுறையின் மணிக்கட்டுப் பகுதி. ரிஸ்ட் ஸ்ட்ராப் தோலைத் தொட்டால்தான் வேலை செய்யும், நீளமான கஃப் ஸ்ட்ராப்புக்கு அடியில் புகுந்துவிட்டால் தோலுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே ரப்பரும் நைலானும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கஃப்பை மணிக்கட்டு எலும்புக்கு முன்னாலேயே முடிகிற மாதிரி குட்டையாக வையுங்கள், அல்லது கஃப் முழுக்கவும் கார்பன் நூல் ஓடும்படி பின்னுங்கள். இரண்டில் முதலாவது நூலையும் மிச்சப்படுத்தும்.